இரண்டு டெக்கில் ஓடிய இடையிசை

தொண்ணூறுகளின் நடுவில், மதுரையிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையில் புதிய சினிமாப் பாட்டு கேசட்டுகளுக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். அரைப் பக்கம். அருப்புக்கோட்டையில் உட்கார்ந்து அதை எழுத எனக்கிருந்த தகுதி, பள்ளிக் காலம் தொட்டு சர்ச் பாடகர் குழுவில் பாடிப் பழகிய காது மட்டும்தான். அது போதாது என்று ஆசிரியர் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு தீபாவளிப் படத்தின் மூன்றாவது பாட்டைப் பற்றி இப்படி எழுதினேன்: இதன் இடையிசை இதே இசையமைப்பாளரின் முந்தைய படத்தில் வந்ததுதான், வயலினை எடுத்துவிட்டுப் புல்லாங்குழலை வைத்திருக்கிறார். மற்ற பாட்டுகளைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர் விசைத்தறிக் கூடங்களிலிருந்து பத்திரிகைக்குக் கட்டுக் கட்டாகக் கண்டனப் போஸ்ட்கார்டுகள் போயின. ஆசிரியர் போனில் பேசினார்.

"வருத்தம்னு நாலு வரி எழுதிக் குடுத்துருங்கம்மா. இல்லேன்னா பக்கத்தை நிறுத்த வேண்டியதாப் போயிரும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க எதுவும் இல்லை.

கார்டு போட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ரெக்கார்டிங் கடையில்தான் கூடுவார்கள். முன்பக்கம் பாட்டுப் பதிவு. பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு டிவியில் வீடியோ கேம். ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து விளையாடுவார்கள். நான் போன அன்று அங்கே ஒரே இரைச்சல். வெகுநாள் காத்திருந்த ஒரு கேமின் அடுத்த பாகம் வந்திருந்தது. அந்த இசையமைப்பாளரின் ரசிகர் மன்றச் செயலாளர், தறி ஓட்டும் இளைஞர், விளையாட்டைப் பாதியில் நிறுத்தியிருந்தார்.

"ஏலே, இது பழசுதான்டா. சட்டைக் கலரை மட்டும் மாத்தி விட்டுருக்கான்."

"பாலமும் அதே பாலம். கடைசியில வர்ற பூதமும் அதே பூதம்."

"இதுக்குப் பேரு புதுப் பாகமாம். ஏமாத்துக்காரப் பயலுக."

கடைக்காரர் தடுப்பைத் தட்டினார். "மெதுவாப் பேசுங்கப்பா. விமர்சனக்காரவுக வந்துருக்காக."

செயலாளர் எழுந்து வந்தார். "வாங்கக்கா. சர்ச்சுல கீர்த்தனை பாடுறவுகளுக்கு அவுக பாட்டு பிடிபடாதுதான். அதுக்காக அப்படியா எழுதுறது?"

"இப்ப நீங்க கேமைப் பத்திச் சொன்னதைத்தான் நான் பாட்டைப் பத்தி எழுதுனேன்."

"கேமு எவனோ செஞ்சது. அவுக நம்ம ஆளுக்கா."

கடைக்காரரிடம் இரண்டு கேசட்டுகளையும் கேட்டேன். இரண்டு டெக்கில் போட்டு, இடையிசை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில் விடச் சொன்னேன். அவருக்கு விருப்பமில்லை, அவருடைய வாடிக்கையாளர்கள் மன்றத்து ஆட்கள்தான். ஆனாலும் விட்டார். வயலின் போன வழியிலேயே புல்லாங்குழலும் போனது. ஒரு டெக்கில் பெல்ட் தளர்ந்திருந்ததால் முடிவில் சற்றுப் பிந்தியது. வழி மாறவில்லை.

செயலாளர் பக்கத்தில் நின்றவனிடம் தெலுங்கில் முணுமுணுத்தார். நான் தெலுங்கு பேசும் நெசவாளர் தெருவில் வளர்ந்தவள். இரண்டும் ஒன்றேதான் என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ரெண்டும் வேற வேறக்கா."

"வீட்டுப் பேச்சுல சொன்னதை அப்படியே தமிழ்லயும் சொல்லுங்க."

தடுப்புக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் கூச்சப்படவில்லை.

"சரி, ஒண்ணுதான். எங்களுக்குத் தெரியாதாக்கா? தறிச் சத்தத்துக்குள்ளயே நாள் பூராம் அவுக பாட்டைக் கேக்குறவங்க நாங்க. நமக்குள்ள சொல்லிக்கிரலாம். மதுரைக்காரன் படிக்கிற மாதிரி எழுதலாமா?"

"எழுதலாம்."

"அப்ப வருத்தம் எழுத மாட்டீக?"

"மாட்டேன்."

ஆசிரியர் கேட்ட நாலு வரியை அன்றைக்கே எழுதி அனுப்பினேன்: இரண்டு இசையையும் ஒன்றாக ஓட்டிக் கேட்டோம். இரண்டும் ஒன்றே. ரசிகர் மன்றத்தாரும் ஒப்புக்கொண்டனர். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஆசிரியர் அதைப் போடவில்லை. அடுத்த இதழில் என் அரைப் பக்கத்தில் சினிமாக் குறுக்கெழுத்துப் போட்டி வந்திருந்தது.

பொங்கலுக்கு அதே இசையமைப்பாளரின் புதுக் கேசட் வந்தபோது செயலாளர் கடை வாசலில் என்னை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இதுல எது பழசுக்கா?"

"பக்கத்தைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி கார்டு போடுங்க. அதுல படிச்சுக்கலாம்."

அவர் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேசட்டையும் கேட்டு விமர்சனம் எழுதி வைத்திருந்தேன், அரைப் பக்கத்துக்குச் சரியாக.