ரூலன் தோர்ஸ்பியின் ஆர்கன் பெஞ்சு

ரூலன் தோர்ஸ்பி யாருடைய கையெழுத்தையும் நம்பாத மனிதர். சான்பீட் பள்ளத்தாக்கில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் பிறர் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். யாராவது நல்ல வார்த்தை சொன்னால்கூட அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஹெய்ஸ்டன் சபையில் ஆர்கன் முன்னால் உட்காரும்போது மட்டும் அந்தக் குணம் அவரை விட்டுப் போகும். பத்தொன்பது வருஷமாக அந்த பெஞ்சு அவருடையது. சம்பளம் கிடையாது; மார்மன் சபையில் பிஷப்புக்கே சம்பளம் கிடையாது.

வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. ஹெய்ஸ்டன் போன்ற ஊரில் அது லேசான விஷயமில்லை. சபைப் பெண்கள் தங்கள் தங்கை, மச்சினி, ஒன்றுவிட்ட அக்கா என்று ஒவ்வொருவராகக் கூட்டிவந்து காட்டினார்கள். அவருக்கு நாற்பத்தைந்து தாண்டியதும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். தனக்குப் பெண்களிடம் நாட்டமில்லை என்பது ரூலனுக்குப் பதினாறு வயதிலேயே தெரியும். அந்த நாட்டம் பாவமில்லை, அதன்படி நடந்தால்தான் பாவம் என்று சபை சொன்னது. அவரும் நடக்காமலேயே முப்பத்தாறு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

போன இலையுதிர் காலத்தில் கார்பின் ஆஷ்டவுன் வந்தார். குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். அம்மா விட்டுப்போன நிலத்தைத் தன் பேருக்கு மாற்ற வந்தவர், ஒரே பத்திரத்தைத் தப்பும் தவறுமாக மூன்று தடவை எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாவது தடவை வேண்டுமென்றேதான் தப்பாக எழுதினார் என்பதைக் கண்டுபிடிக்க ரூலனுக்குப் பத்திரப் பதிவு அனுபவம் தேவைப்படவில்லை. அதிலிருந்து வியாழக்கிழமைதோறும் ரூலன் வீட்டில் இருவருக்கும் சாப்பாடு.

கார்பினும் மார்மன் வீட்டில் பிறந்தவர்தான். இருபது வயதில் வெளியேறியவர். போனவர் சும்மா போகவில்லை, மார்மன்களுக்கு விலக்கான காபியைக் குடிக்கக் கற்றுக்கொண்டு போய்விட்டார். ரூலனின் சமையலறையில் தனக்கென்று ஒரு காபிப் பாத்திரமே வைத்திருந்தார். ஹெய்ஸ்டனில் ஒரு வீட்டு ஜன்னல் வழியாகக் காபி வாசனை வந்தால், உள்ளே கொலையே நடந்ததுபோல் தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஏப்ரலில் ஒரு நாள் பிஷப் கெல்டன் ரவுண்டி கூப்பிட்டு அனுப்பினார். முப்பத்தெட்டு வயது, தொழில் பல் வைத்தியம். ரூலனின் இரண்டு கடைவாய்ப் பற்களை அடைத்தவரும் அவர்தான்.

"பிரதர் தோர்ஸ்பி, உங்களைப் பத்தி ஒருத்தர் கவலைப்பட்டு வந்து சொன்னாங்க."

"யாரு?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"அவ்வளவு கவலைப்பட்டவங்க என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாமே. காலிங் பெல்கூட இருக்கு."

பிஷப் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "அந்த ஆஷ்டவுன் உங்களுக்கு ஃப்ரெண்டு மட்டும்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். போலிப் பத்திரங்களைத் திருப்பி அனுப்பியே பழகிய வாய்க்கு அது வரவில்லை. "இல்ல, பிஷப். கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். இதுவரைக்கும் அவ்வளவுதான். இனிமேலும் அவ்வளவுதான்னு எழுதிக் கேட்டீங்கன்னா, கையெழுத்துப் போட மாட்டேன்."

"அவரைப் பாக்கறதை நிறுத்திட்டீங்கன்னா பெஞ்சு உங்களுதுதான். இல்லைன்னா, தெரிஞ்சப்புறம் என்னால கண்ணை மூடிக்க முடியாது. மூணு வாரம் எடுத்துக்குங்க. எனக்கும் இது சந்தோஷமில்ல."

அந்தக் கடைசி வார்த்தையையும் ரூலன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உண்மை மாதிரித்தான் தெரிந்தது. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

மூன்று வாரத்தில் யோசிக்க வேண்டியது ஒன்று, அவர் யோசித்தது வேறொன்று. யார் சொன்னார்கள்? தபால் கொடுக்கும் பெண்ணிலிருந்து பாடகர் குழுத் தலைவர் வரை பதினோரு பேரைச் சந்தேகப்பட்டார். பொறிகூட வைத்துப் பார்த்தார். கார்பின் பக்கத்து மாநிலமான நெவாடாவுக்குக் குடிபோகிறார் என்று முடி திருத்துபவரிடம் சொன்னார். கார்பின் இதே தெருவில் வீடு பார்க்கிறார் என்று எதிர்வீட்டு நெட்ரா விங்கலிடம் சொன்னார். எந்தக் கதை பிஷப் காதுக்குப் போகிறதோ அதைக் கேட்டவர்தான் குற்றவாளி. இரண்டே நாளில் இரண்டு கதையும் ஒன்றாகச் சேர்ந்து, கார்பின் நெவாடாவில் ஒரு வீட்டையும் இந்தத் தெருவில் ஒரு வீட்டையும் வாங்கப்போகும் பெரும் பணக்காரர் என்று ரூலனிடமே திரும்பி வந்தது.

கெடுவின் கடைசி வியாழக்கிழமை கார்பின் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைக் கிண்டிக்கொண்டே சொன்னார்: "உன் ஆபீஸ்ல இதுக்காக உன்னை வேலையை விட்டு எடுத்தா நீ கேஸ் போடலாம். செவுத்துல நோட்டீஸே மாட்டி வச்சிருக்காங்க. சபைன்னா மட்டும் சட்டம் வாசப்படியோட நின்னுடுது. உனக்குக் கோபமே வரலையா?"

"ஆபீஸ் வேற, சபை வேற. எங்க கொள்ளுத்தாத்தாவைப் பிடிக்க அரசாங்கத்து ஆளுங்க வந்து கட்டிலைத் தூக்கிப் பாத்தாங்க. மனுஷன் வைக்கோல் போருக்குள்ள ரெண்டு நாள் கிடந்தாரு. அந்த ஆளுங்களை இப்ப நானே கூட்டிக்கிட்டு வந்து சேப்பல்ல நிறுத்தணுமா? சபைக்கு அதோட விதியை வச்சுக்க உரிமை இருக்கணும்."

"அவருக்கு மூணு பொண்டாட்டி, அதுக்குத்தான் பிடிக்க வந்தாங்க. உனக்கு ஒரு லாடக்காரன். எது பெரிய குத்தம்னு நீயே சொல்லு."

ரூலன் சிரித்துவிட்டார். சிரித்த வாயாலேயே, மூன்று வாரமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்ததையும் கேட்டுவிட்டார். "பிஷப்கிட்ட சொன்னது நீயா? என்னை அங்கேருந்து கிளப்பறதுக்கு?"

கார்பின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காபி அப்படியே ஆறிப்போயிருந்தது.

 ரூலனுக்குக் கேட்ட வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விடிந்ததும் கார்பினின் லாயத்துக்குப் போய், குதிரையின் குளம்பை மடியில் வைத்திருந்த மனிதரிடம் நின்றபடியே மன்னிப்புக் கேட்டார். "அந்த அரத்தை எடுத்துக் கொடு," என்றார் கார்பின்.  ரூலன் எடுத்துக் கொடுத்தார். அங்கிருந்தே பிஷப்புக்குப் போன் போட்டு, கார்பினைப் பார்ப்பதை நிறுத்தப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலையே நெட்ரா விங்கல் கையில் வாழைப்பழ ரொட்டியோடு வந்தாள். எழுபது வயது விதவை. குழந்தைகள் வகுப்பில் பியானோ வாசிக்கிறவள். தெருவில் எந்தக் கார் எந்த வீட்டு முன்னால் எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டால் கடிகாரம் பார்க்காமல் சொல்லக்கூடியவள். வந்தவள் ரூலன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"ஏன் ரூலன், அந்த ஆர்கன்ல கால்கட்டையை மிதிக்கிறது ரொம்பக் கஷ்டமா?"

"ஏன் கேக்கறீங்க, சிஸ்டர் விங்கல்?"

"சும்மாதான்."

ரூலனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. சந்தேகப்பட்ட பதினோரு பேரில் பத்துப் பேரை அங்கேயே விடுதலை செய்தார். பெஞ்சுக்கு ஆசைப்பட்டவள் இவள்தான்; மூக்கை நீட்டிக் காபி வாசனை பிடித்தவளும் இவள்தான். ரொட்டியை வாங்கி, அவள் படியிறங்குவதற்குள் குப்பையில் போட்டார். விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டை வாசித்து முடித்தார். ஆர்கன் வாசிக்கிறவர் பிரசங்க மேடையைப் பார்ப்பதற்காக மாட்டிய கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி, பின்னால் இருக்கிற சபையைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டார். பிஷப் எழுந்து, பிரதர் தோர்ஸ்பி ஆர்கன் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார், நன்றி தெரிவிக்க விரும்புகிறவர்கள் கை உயர்த்தலாம் என்றார். இருநூறு வலது கைகள் எழுந்தன. பத்தொன்பது வருஷம் அந்த ஒரு நிமிஷத்தில் முடிந்தது. 

"அவருடைய இடத்தில் சிஸ்டர் நெட்ரா விங்கலை நியமிக்க முன்மொழிகிறோம். ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம்."

நினைத்தது சரிதான். சரியாக இருந்ததில் ஒரு சுகமும் இல்லை. கைகள் எழுந்து இறங்கின.

"எதிர்ப்பவர்கள் இருந்தால் அதேபோலத் தெரிவிக்கலாம்."

இதை எல்லாப் பிஷப்புகளும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அந்தக் கேள்விக்கு யாரும் கை தூக்கி ஹெய்ஸ்டன் பார்த்ததில்லை. கெல்டன் ரவுண்டியும் காகிதத்தைப் புரட்டிவிட்டார். பிறகுதான் கூடத்தில் ஏதோ சலசலப்பு கேட்டு நிமிர்ந்தார். நான்காவது வரிசையில் ஒரு கை உயர்ந்து நின்றது. நெட்ரா விங்கலின் கை.

"சிஸ்டர் விங்கல்," என்றார் பிஷப், "உங்களைத்தான் நியமிக்கிறோம்."

"தெரியுது, பிஷப். நான்தான் எதிர்க்கறேன்."

"அன்னைக்குக் கேட்டப்ப சரின்னு சொன்னீங்களே!"

"அன்னைக்கே வேண்டாம்னிருந்தா உங்க ரூமுக்குள்ளேயே முடிஞ்சிருக்கும். வேற யாரையாவது பாத்திருப்பீங்க." அந்த அம்மாள் எழுந்து நின்றாள்.  "எல்லாரும் கேட்டுக்குங்க. ரூலனைப் பத்திப் போய்ச் சொன்னது நான்தான். பாத்ததைச் சொல்றது கடமைன்னு நினைச்சேன். பாவம் பாவம்தான், அதை நான் இன்னைக்கும் மாத்திக்கல. ஆனா சொன்னதுக்குக் கூலியா அந்த பெஞ்சைக் கொடுத்தா வாங்கிக்க மாட்டேன். அவ்வளவு கேவலமானவ இல்ல நான்."

 எதிர்ப்பு குறித்துக்கொள்ளப்பட்டது என்று பிஷப் முணுமுணுத்தார். அடுத்து அப்பம் பிட்கும் சடங்கின்போது பாடும் பாட்டு. அதை வாசிக்க ஆள் இல்லை. பிஷப் மேடையிலிருந்து இறங்கி பெஞ்சுப் பக்கம் வந்து குனிந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் வாசிச்சிடுங்க, பிரதர் தோர்ஸ்பி."

ரூலனின் விரல்கள் கட்டைமேல்தான் இருந்தன. வாசிக்க ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்ததே அவமானமாக இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னை விடுவிச்சாச்சு, பிஷப். இப்பதான் இருநூறு பேர் நன்றி சொன்னாங்க. விதியை வச்சுக்க உங்களுக்கு உரிமை உண்டுன்னு கார்பின்கிட்டயே வாதாடினவன் நான். வச்சுக்குங்க."

ஆர்கனின் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கினார். இறங்கிய பிறகுதான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். பத்தொன்பது வருஷமாக அந்தக் கூடத்தில் அவருக்கென்று வேறு இடம் இருந்ததில்லை. நான்காவது வரிசையில் நெட்ரா பக்கத்து இடத்தில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரூலன் அங்கே போனார்.

"உங்களை நான் மன்னிக்கல."

"மன்னிக்கச் சொல்லி நான் கேட்டேனா? உக்காரு."

பிஷப்பே பாட்டைத் தொடங்கினார். சுருதியை எங்கேயோ உயரத்தில் பிடித்துவிட்டார். இரண்டாவது வரியில் பாதிப் பேர் நின்றுபோனார்கள், மூன்றாவது வரியில் பிஷப்பின் குரலே பிசிறியது. பாட்டு அப்படிச் சீரழிவதை ரூலனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நான்காவது வரியைக் கீழே இறக்கி எடுத்துப் பாடினார். சபை அவர் குரலைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கி வந்தது. அவர் கண்களிலிருந்து நீர் வழிந்து சட்டைக் காலரில் விழுந்துகொண்டிருந்தது. நெட்ரா கைக்குட்டையை நீட்டினாள். ரூலன் அதை வாங்கிக்கொள்ளவில்லை, பாடுவதை நிறுத்தவுமில்லை.