என் ஈரல் மீது விழுந்த பழி

பினாங்கில் தேநீரை பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கயிற்றால் கட்டி, கையில் தொங்கவிட்டு விடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், சூலியா தெருவில் ஒருவர் மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் அப்படி ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போவதைப் பார்த்து, பாவம், சிறுநீர்ச் சோதனைக்கு அவசரமாகப் போகிறார் என்று வழிவிட்டு ஒதுங்கியவன் நான். நாலு வருடம் கழித்து அதே தெருவில் அதே மாதிரிப் பையோடு நின்றேன். உள்ளே பால் சேர்க்காத தேநீர். பாலை என் ஈரல் இனித் தாங்காது என்று நானே தீர்மானித்திருந்தேன். இந்த வைத்தியத்துக்கு எவரும் என்னிடம் காசு கேட்கவில்லை.

நடந்தது இதுதான். நான் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கணக்கு எழுதுகிறவன். வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இரத்தச் சோதனை வேண்டும் என்றார்கள். அது புதுப்பிக்கப்பட்டால்தான், கொழும்பில் ஒரு விடுதி அறையில் காத்திருக்கும் என் மனைவிக்கும் மகளுக்கும் இங்கே வர அனுமதி கேட்கலாம். சீன டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர்மார் கண்ணாடியைக் கழற்றுவது நல்ல செய்தி சொல்ல அல்ல.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு நொதிகள் கூடியிருக்கின்றன என்றார். அவை உயிரணுவுக்குள்ளே இருக்க வேண்டியவை. உயிரணு அடிபட்டால் வெளியே கசிந்து இரத்தத்தில் கலந்துவிடும். பெரும்பாலும் ஈரலைத்தான் சந்தேகிப்பார்களாம்.

"குடிப்பீர்களா?"

"இல்லை."

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்து 'இல்லை' சொன்ன எல்லோரும் தெரிந்தார்கள்.

"களைப்பு உண்டா?"

"நாலு வருடமாக."

நான் சொன்னது தனிச் சமையலையும் தனி அறையையும். அவர் அதை நோய்க்குறி என்று எழுதிக்கொண்டார்.

"அண்மையில் கடினமான வேலை ஏதும் செய்தீர்களா?"

"பேனாவைவிடப் பாரமான எதையும் தூக்குவதில்லை, டாக்டர்."

என் பகிடிக்கு நானே சிரித்தேன். அடுத்த வாரம் வரும்படியும், அதுவரை கையெழுத்துப் போட முடியாது என்றும் அவர் சொன்னார்.

அந்த வாரம் நான் பட்ட பாட்டை என் ஈரல் பட்டிருக்காது. கந்தோர்க் கழிப்பறைக் கண்ணாடியில் மணிக்கொரு தரம் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். அந்தக் குழல் விளக்கில் சுவர்கூட மஞ்சள்காமாலை பிடித்த மாதிரித்தான் இருக்கும். பக்கத்து மேசை அந்தோணியைக் கூப்பிட்டு என் கண்ணைப் பார்க்கச் சொன்னேன். சுங்கை பாக்காப்பில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பையன். எனக்கு இங்கே கிடைத்த ஒரே தம்பி.

"மஞ்சளா இல்லண்ணே, செவப்பாத்தான் இருக்கு. ராத்திரி தூங்கலையா?" என்றவன், கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தணித்தான். "அண்ணே, எங்கிட்ட சொல்லலாம் லா. சம்சு கிம்சு அடிக்கிறீங்களா?"

சாராய வாடைக்கே தலை சுற்றும் எனக்கு, குடிக்காமலே குடிகாரப் பட்டம்.

எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால் பரியாரியார் நாடி பிடித்துக் கண்ணை மூடுவார். "பித்தம் கூடிப்போச்சுது, மூண்டு நாளைக்குக் கஞ்சி" என்று எழும்பிவிடுவார். அவர் சொன்னது சரியோ பிழையோ, நாங்கள் நித்திரை கொண்டோம். இங்கே இலக்கம் போட்ட தாளைத் தருகிறார்கள். தலையணைக்குக் கீழே வைத்தாலும் அது சும்மா கிடக்குதில்லை. பொறுக்க மாட்டாமல் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, "இரத்தத்திலை என்னமோ கூடிப்போச்சுதாம்" என்று மனைவியிடம் உளறிவிட்டேன். "காசு ஏறும், வையுங்கோ" என்று மட்டும் சொன்னாள். அது அவள் அழுவதைவிட மோசம்.

இரண்டாம் தரம் போனபோது டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், வயிற்றை அமத்திப் பார்த்தார், முதுகுப்பக்கம் போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

"இது என்ன? கொக்கி குத்தின அடையாளமா? தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தீர்களா?"

"ஓம்."

"பெரிய காவடியா?"

"தோள் காவடி. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறி முடிய மத்தியானம் தாண்டிவிட்டது."

"இரத்தம் எடுப்பதற்கு எத்தனை நாளைக்கு முன்?"

"இரண்டு நாள்."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். "கடின வேலை செய்தீர்களா என்று கேட்டேனே, ஐயா!"

"அது வேலை இல்லையே, டாக்டர். நேர்த்தி."

நான் பகிடி விடவில்லை. மனைவியும் மகளும் வந்து சேர வேண்டும் என்று வைத்த நேர்த்தி அது. தார் கொதிக்கிற வீதியில் வெறுங்காலோடு ஆடி, தோள் கன்றி, இரண்டு நாள் கையைத் தூக்க முடியாமல் கிடந்தும், அதை 'வேலை' என்ற கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவேயில்லை. என் மூக்குக்கண்ணாடியையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்த அந்தோணிக்கும் தோன்றவில்லை.

அந்த நொதிகள் தசையிலும் உண்டாம். தசை நார் நொந்தாலும் அவை கசிந்து இரத்தத்துக்கு வருமாம். வந்த பிறகு எந்த ஊரிலிருந்து வந்தவை என்று முகத்தில் எழுதி இருக்காது. தசைக்கென்றே இருக்கிற இன்னொரு சோதனையைச் செய்தார். அது எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. ஈரலுக்குரிய மற்றச் சோதனைகள் எல்லாம் ஒழுங்கு. அவர்கள் வர வேண்டும் என்று தூக்கியதே அவர்களுடைய வரவை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் ஓய்வெடுத்தேன், பாரம் தூக்கவில்லை. பிறகு எடுத்த இரத்தத்தில் எல்லாம் இறங்கியிருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அன்று பின்னேரமே துறைமுகப் பக்கத்துத் தொலைபேசிக் கூண்டிலிருந்து கொழும்புக்கு எடுத்தேன்.

"ஈரலுக்கு ஒண்டுமில்லை. தைப்பூசத்துக்குக் காவடி தூக்கின தசை நோவுதானாம். கந்தோரிலை புதுப்பிக்கினம். நீங்கள் வெளிக்கிட ஆயத்தப்படுத்துங்கோ."

இந்த முறை அவள் அழுதாள். மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: "நான் நேந்து போட்டனப்பா. உங்களுக்கு ஒண்டுமில்லையெண்டு வந்தால், எங்கடை ஊர் முருகன் கோயிலிலை நீங்கள் காவடி எடுக்கிறதெண்டு."

"என்னைக் கேட்காமலோ?"

"நீங்கள் என்னைக் கேட்டே எடுத்தனீங்கள்?"

அந்தக் கோயிலுக்குப் போகிற பாதை சண்டையில் மூடிக் கிடக்கிறது. அது அவளுக்கும் தெரியும். மகள் ரிசீவரைப் பிடுங்கினாள். "அப்பா, அப்ப நாங்கள் அங்கை வாறதோ, நீங்கள் இங்கை வாறதோ?"

"முதல் நீங்கள் வாங்கோ, பிள்ளை" என்றேன்.

கூண்டை விட்டு வெளியே வந்தேன். ஜார்ஜ் டவுன் கரையில் நின்றால் எதிரே தெரிவது மலாயாப் பெருநிலம். தண்ணீர்மலை முதுகுப் பக்கம். அதையும் தாண்டி, தீவுக்கு அந்தப் பக்கத்துக் கடலையும் தாண்டி, அதே திசையில் எங்கள் ஊர். அறைக்குப் போகத் திரும்பியபோது இரண்டு முருகனுக்கும் ஒரேயடியாக முகம் கொடுத்து நடக்க வேண்டியிருந்தது. கிட்ட இருப்பவருக்கு நேர்த்தியைக் கொடுத்தாயிற்று. தூர இருப்பவர் காத்திருப்பார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது பழக்கம்.