உப்பில்லாத பாரிஸ்

பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தாலே எழுந்து தேநீர் போடப் போகிறவன் நான். பொறியியல் படித்தவன், ஹோம்புஷில் இருபது வருடமாக இருப்பவன், எனக்குத் தெரிந்த அதிசயம் காலை ரயில் நேரத்துக்கு வருவது மட்டும்தான். நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் மனைவி வசந்திக்குப் பாரிஸ் பார்க்க ஆசை. "ரெண்டு நாள் காணும், பார்த்திட்டு, நல்லாச் சாப்பிட்டிட்டு ஓடி வந்திடுவம்" என்பாள். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. சாப்பாட்டில் உப்புக் கூடாது என்றார்கள். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சாருங்கோ, உப்புப் போட்டு ஒரு வாய் சோறும் பருப்பும் தாங்கோவன்" என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. டொக்டர் சொன்னால் சொன்னதுதான் என்று உப்பில்லாததைத்தான் கொண்டுபோய் நீட்டினேன். "சரி, பரவாயில்லை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அடுத்த வருடம், 2003இல், வேலை விஷயமாக லண்டன் போன நான் வார இறுதிக்குப் பாரிஸுக்கு ரயில் ஏறினேன். அவள் பார்க்காததை நானாவது பார்க்கலாம் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. அவளுடைய முதலாவது திவசத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது, திரும்பி வந்து செய்யலாம் என்று திகதி குறித்து வைத்திருந்தேன்.

அங்கே என் பள்ளிக்கூடத்து நண்பன் சிவம் இருந்தான். சனிக்கிழமை காலையில் கோபுரம் காட்டினான், ஆற்றங்கரை காட்டினான், பாணும் சீஸும் வாங்கித் தந்தான். வாயில் வைத்தால் துளி உப்பில்லை. மத்தியானம் ஒரு கடையில் வெங்காய சூப். அதிலும் இல்லை. நான் உப்புக் குப்பியை எடுத்துக் கவிழ்த்தேன், மறுபடியும் கவிழ்த்தேன், ஒன்றும் ஏறவில்லை.

"டேய், உனக்கென்ன விசரே? இது ஏற்கெனவே உப்புக் கூட" என்றான் சிவம்.

அப்போதுதான் என் கைத்தொலைபேசி அடித்தது. வசந்தியின் தங்கை மாலா, ஹோம்புஷுக்குப் பக்கத்து லிட்கமிலிருந்து. அங்கே இரவு ஒன்பது மணி.

"அத்தான், இண்டைக்கெல்லோ அக்கான்ரை திதி. நீங்கள் இங்கிலீஷ் திகதியைப் பார்த்திட்டியள். காலமைதான் கோயில் ஐயர் சொன்னவர். உங்களுக்கு அங்கை நடுச்சாமம், எழுப்ப மனமில்லாமல் நானே சமைச்சு மத்தியானம் படைச்சிட்டன்."

கட்டியவளின் முதல் திவசத்தன்று பாரிஸில் ஊர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மாலா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"அத்தான், ஒரு விஷயம். படையலுக்குச் சமைக்கேக்கை ருசி பாக்கிறேல்லைத்தானே. பிறகு நாங்கள் சாப்பிட இருந்தால், சோறு, பருப்பு, கறி ஒண்டிலும் உப்பில்லை. நான் போட்டனான் அத்தான். சத்தியமாப் போட்டனான்."

மாலா படைத்த நேரம் பாரிஸில் விடியாத நேரம், அதற்குப் பிறகுதான் நான் வாயில் வைத்த எதிலும் உப்பில்லை. நான் போனை வைத்துவிட்டு, என்ன செய்கிறேன் என்று தெரியாமல் சூப்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். நம்பினால் நம்புங்கள், நான் கொட்டிய உப்பு முழுக்க அதில் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சிவம் முன்னாலேயே குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

மாலா மறந்துபோய் உப்புப் போடாமல் விட்டிருக்கலாம், எனக்கு நாக்குச் செத்திருக்கலாம். என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எல்லாவற்றையும் நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். உப்பையெல்லாம் அவளே எடுத்து ஆசை தீரச் சாப்பிட்டாளா, இல்லை, உப்பில்லாமல் தின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டினாளா, அதுதான் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் திதி பார்த்து நானேதான் சமைக்கிறேன். உப்பைக் கொஞ்சம் கூடவே போட்டு, ருசி பார்க்காமல் படைத்துவிட்டு, முதல் வாயை நான்தான் எடுப்பேன். இதுவரை ஒரு வருடம்கூட உப்புக் குறையவில்லை.