இரவல் குரலில் இருபது வருடம்

சினிமாவில் நான் இருபது வருடத்துக்கு மேல் நடித்திருக்கிறேன். என் குரலை நீங்கள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்தால் "இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்பீர்கள். ஏட்டு, வி.ஏ.ஓ., கல்யாணப் பெண்ணின் மாமா, கதாநாயகனிடம் "தம்பி, நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறவர். எங்களுக்கு கேரக்டர் ஆர்டிஸ்ட் என்று கௌரவமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். படப்பிடிப்பில் சாப்பாட்டு நேரத்தில் எங்களை எந்தப் பந்தியில் உட்காரவைக்கிறார்கள் என்று பார்த்தால் அந்தக் கௌரவத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

நான் பாகலூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். பிறகு ஓசூர்த் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே ஷிப்ட், டார்கெட், ரிஜெக்‌ஷன் என்று நாலாவது பாஷையும் வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் இது ஒரு பெருமையும் இல்லை. ஒரே மூச்சில் மூன்று பாஷைக்குள் போய் வருவோம். போய் வந்தது எங்களுக்கே தெரியாது.

கம்பெனிக்குப் பின்னால் இருந்த கல் குவாரியில் ஒரு கன்னடப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் சினிமாவில் விழுந்தேன். ஏட்டாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் என் மீசையும் தொப்பையும் அந்தக் காக்கிச் சட்டைக்குப் பொருந்தின. அதன் பிறகு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பெங்களூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் ஒரே படத்தை இரண்டு பாஷையிலும் எடுக்க எங்கள் பக்கம் வருவது வழக்கம். அப்படி வரும்போது நான் அவர்களுக்கு வசதி. ஒரே காட்சியைக் கன்னடத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, காகிதமே இல்லாமல் பேசிக் கொடுத்துவிடுவேன். கம்பெனியில் மஞ்சள் காமாலை என்று லீவு போட்டிருந்த வாரத்தில் சூப்பர்வைசர் என்னை டி.வி.யில் லத்தியோடு பார்த்துவிட்ட கதையெல்லாம் உண்டு. அவர் திட்டவில்லை. "அந்தக் குரல் உன்னுது இல்லியே" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

ஆமாம், என்னுடையது இல்லை. பெங்களூரில் என் கன்னடத்தில் தமிழ் வாசனை வருகிறது என்றார்கள். சென்னையில் என் தமிழில் கன்னடம் அடிக்கிறது என்றார்கள். ஒரே ஒரு தெலுங்குப் படம் செய்தேன், அங்கே ஒருவர் "சார், இது எந்த ஊர்த் தெலுங்கு?" என்று நிஜமாகவே சந்தேகம் கேட்டார். வாயை நான் அசைப்பேன், பேச்சை எவனோ பேசுவான். என் முகத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குரலை வாசல் திண்ணையிலேயே நிறுத்தினார்கள்.

என் மனைவிக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. டி.வி.யில் நான் வருகிற படம் ஓடினால் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து ஒரு நிமிடம் நிற்பாள். "அய்யே, வாய் ஒங்களுது, பேச்சு எவனுதோ. இது நீங்க இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். நான் கோபப்படுவேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை.

பிறகு சர்க்கரை அவளுடைய கண்ணைத் தின்ன ஆரம்பித்தது. பெங்களூருக்கு எத்தனை முறை கூட்டிப்போனோம், எத்தனை லேசர் வைத்தோம் என்ற கணக்கெல்லாம் இப்போது எதற்கு? கடைசியில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிற நிலைமைக்கு வந்தாள். நான் கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தேன். புடவை என்ன நிறம், வாசலில் வந்தது யார், பாலில் ஆடை கட்டியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் நான்தான் அவளுக்குச் சொல்வேன். நான் சொன்னால் சரி என்று எடுத்துக்கொள்வாள். டி.வி.யில் என் படம் வந்தால் மட்டும் நான் சேனலை மாற்றிவிடுவேன். முகமும் தெரியாது, குரலும் என்னுடையது இல்லை. அவளைப் பொறுத்தவரை நான் எந்தப் படத்திலும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் குருபரப்பள்ளிப் பக்கத்து இயக்குநர் ஒருவர் வீடு தேடி வந்தார். அவருக்கு அது முதல் படம். கம்பெனி கட்டுவதற்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்கு மகனை அனுப்பி, பிரஸ் மெஷினில் அவனைப் பறிகொடுக்கிற அப்பன் வேடம். கதையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் சொன்னது இது: "அண்ணா, லைவ் சவுண்டுதான். டப்பிங் கெடையாது. நீங்க பேசறதுதான் படத்துல வரும்."

அவர் போன பிறகு மனைவியிடம் ஓடினேன். ஓடினேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அந்த வயதில். "இந்த வாட்டி என் குரலேதான். நீ கேக்கலாம்" என்றேன். என்ன வேடம் என்று மட்டும் சொல்லவில்லை, குரலை வைத்தே அவள் கண்டுபிடிக்கட்டும் என்று. "அப்ப தியேட்டர்லயே போயி கேக்கணும்" என்றாள். எனக்கு அந்தப் படத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். விருது வேண்டாம், போஸ்டரில் முகம் வேண்டாம். அவள் உட்கார்ந்து, நான் பேசுவதைக் கேட்க வேண்டும்.

பிணவறை வாசல் காட்சியை ஒரே டேக்கில் எடுத்தார்கள். இயக்குநர் "ஆக்‌ஷன்" என்றதும் எனக்குள் என்னவோ உடைந்தது. கீழே உட்கார்ந்து, தரையில் அடித்து அழுதேன். "கட்" சொல்லவே அவருக்குத் தோன்றவில்லை. மானிட்டருக்குப் பின்னால் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் விசும்பினார்கள். ஒலிப்பதிவு செய்தவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வசனத்தை ஒரு எழுத்து விடாமல் சொல்லிவிட்டேன் என்றுதான் நான் நினைத்தேன். அங்கே இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

படம் சென்னைக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான் "நன்ன கந்தா, ஹோக்பிட்டெயல்லோ" என்று, என் கண்ணே போயிட்டியேடா என்று, கன்னடத்தில் ஆரம்பித்து, நடுவில் ஒரு வரி தமிழ் பேசி, "நா தண்ட்ரி, நா தண்ட்ரி" என்று, மகனையே என் அப்பனே என்று கூப்பிட்டு, தெலுங்கில் அழுது முடித்திருந்தேன். இயக்குநர் குருபரப்பள்ளிக்காரர், உதவியாளர்கள் ஓசூர்க்காரர்கள், கூட்டம் பாகலூர்க் கூட்டம். அழுகிறவன் எந்தப் பாஷையில் அழுகிறான் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பிள்ளை செத்தால் எங்கள் ஊரில் அப்படித்தான் அழுவார்கள். தயாரிப்பாளர் மட்டும் தெற்கத்திக்காரர். "என்ன சொல்றான் இவன்? எங்க ஊர்ல யாருக்குய்யா இது புரியும்?" என்று கேட்டாராம்.

டப்பிங்குக்குச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை, தலையில் ஹெட்போன், முன்னால் என் முகமே அழுதுகொண்டிருக்கிறது. "தமிழ் மட்டும், சார்" என்றார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை முயன்றேன். தமிழ் வந்தது, அழுகை வரவில்லை. அழுகை வந்தபோது தமிழ் போய்விட்டது. இயக்குநர் என் கண்ணைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

வெளியே பெஞ்சில் ஒல்லியாக ஒருவர் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து "ஏட்டையா!" என்றார். நான் விழித்தேன். அவர்தான் பல படங்களில் என் குரலாம். "உங்க உதடு எனக்கு மனப்பாடம் சார். பேசி முடிச்சப்பறம் கொஞ்ச நேரம் வாயத் தொறந்தே வெச்சிருப்பீங்க. அந்த எடத்துல நான் ஒரு 'ம்' போட்டுக்குவேன்" என்றார். இத்தனை வருடமாக நான் யார்மேல் எரிந்துகொண்டிருந்தேனோ அவர் ஒரு பழைய செருப்போடு என் முன்னால் நின்று, என் வாயைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அழுத பதிவைப் போட்டுக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இத மாத்தறது பாவம் சார்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரே டேக்கில் மாற்றினார். கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டேன். நன்றாகவே அழுதார். என்னைவிட நன்றாக அழுதார். வயிறு எரிந்தது எனக்கு. ஒரு காட்சியில் ஒரு குரல், மற்றதில் வேறு குரல் என்று இருக்க முடியாது என்பதால் படம் முழுவதும் அவரையே பேசவைத்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள்: "எப்பிடி பேசினீங்க?"

"நல்லா வந்துச்சு" என்றேன். வேறென்ன சொல்வது? அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

ஓசூரில் படம் வந்தது. நான் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். தியேட்டரை விட்டுத் தூக்கிவிட்டால் நல்லது என்றுகூட வேண்டிக்கொண்டேன். சொந்தப் படம் சீக்கிரம் ஓடிப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட நடிகன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் விடவில்லை. மேட்னி ஷோவுக்குப் போனோம். நல்ல புடவை கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி படியேறினாள். ஓர இருக்கையாகப் பார்த்து உட்காரவைத்தேன்.

நான் திரையில் வந்தேன். பேசினேன். அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு, எதற்கோ காத்திருக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் "இன்னும் வரலியா?" என்றாள். "அப்புறம்தான்" என்றேன். பிணவறைக் காட்சி வந்தது. திரை முழுக்க என் முகம். என் பக்கத்தில் அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "பாவம், எந்தப் பெத்தவனோ" என்று முணுமுணுத்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, "நீங்க எப்ப வருவீங்க?" என்று கேட்டாள்.

"என் சீனெல்லாம் வெட்டிட்டாங்க போல" என்றேன்.

அவள் இருட்டில் தடவி என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "போனா போவுது, விடுங்க" என்றாள். படம் முடிகிற வரைக்கும் என் கையை விடவே இல்லை. நான் அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வெளியே ஆட்டோவுக்கு நின்றபோது, கம்பெனிச் சீருடையில் இருந்த ஒரு பெண் ஓடி வந்தாள். "சார், நீங்கதான அந்த அப்பா? பிணவறைல அழுதீங்களே, எங்க மாமனாரு அப்பிடியே இருந்தாரு சார்" என்று சொல்லி அவளும் கண்கலங்கினாள். இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. என் தோளிலிருந்த மனைவியின் கை இறங்கியது.

ஆட்டோ பாகலூர் ரோட்டில் திரும்பிய பிறகுதான் பேசினாள். "அழுதது நீங்களா?"

"ஆமா. குரல் என்னுது இல்ல. சென்னைல மாத்திட்டாங்க." மூன்று பாஷையில் அழுதது, கண்ணாடி அறை, ஃபிளாஸ்க்காரர் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு வருகிற வரைக்கும் சொன்னேன்.

"அவங்க மாத்துனா மாத்திட்டுப் போறாங்க" என்றாள். "நீங்க பக்கத்துல உக்காந்துகினு இல்லன்னு சொன்னீங்களே. கண்ணு தெரியாதவகிட்ட இல்லன்னு சொல்லிட்டா இல்லாமப் போயிடுமா?"

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சண்டையும் போடவில்லை. இப்போது காலையில் மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, "இது சர்க்கரைக்கு, இது பிரஷருக்கு" என்று சொல்கிறேன். சரி என்று தலையாட்டுகிறாள். மாத்திரையை வாயில் போடாமல் கையை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, எது எது என்று இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறாள்.