ஒற்றைப்படை நாள், இரட்டைப்படை நாள்

கல்லூரியை மறுபடி திறக்கத் திட்டம் போடும் குழுவில் என்னைச் சேர்த்திருப்பதாக முதல்வர் தொலைபேசியில் சொன்னபோது நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்னை என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கத் தெம்பில்லை. “சரிங்க சார்” என்று வைத்துவிட்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கொரோனா வந்த அந்த வருடம் முழுக்கப் படுக்கையறை மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, செல்போனைப் புத்தக அடுக்கில் சாய்த்துவைத்துப் பாடம் நடத்தினேன். எதிரே முகம் கிடையாது. கறுப்புக் கட்டங்களில் பெயரின் முதல் எழுத்துகள் மட்டும் இருக்கும். “கேக்குதா? கேக்குதா?” என்று நூறு தடவை கேட்பேன். யாராவது ஒரு பிள்ளை “கேக்குது மிஸ்” என்னும். பின்னால் ஆட்டுச் சத்தமோ மிக்சி சத்தமோ வரும். அப்புறம் அதுவும் அடங்கிவிடும். ஒருநாள் மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தபோது தூக்கத்திலும் “கேக்குதா” என்றேனாம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பக்கத்தில் இருந்து “கேக்குது மிஸ்” என்று பதில் சொல்லியிருக்கிறாள். எழுந்ததும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

குழு என்றால் பெரிய குழு இல்லை. நானும் கணிதத்துறைப் பேராசிரியரும்தான். ஆய்வகம் இருப்பதால் நான். அளவெடுக்கத் தெரியும் என்பதால் அவர். ஓய்வுபெறச் சில வருடங்களே இருந்த மனிதர். ஒரே கல்லூரியில் அத்தனை காலம் இருந்தும் வணக்கம் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. மணி அடிக்கும் முன்பே வகுப்பு வாசலில் நிற்பவர், சிரிக்காதவர் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

முதல் நாள் போனபோது ஆய்வகப் பூட்டே திறக்கவில்லை. சாவித் துவாரத்தைக் குளவி மண்வைத்து அடைத்திருந்தது. கணக்கு சார் சட்டைப்பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துப் பையப் பையக் கிளறினார். உள்ளே எல்லாவற்றின் மேலும் தூசி. மின்விசிறியின் மேல் புறா கூடு கட்டியிருந்தது. விடுதியைச் சில மாதங்கள் நோயாளிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டிடத்துப் பக்கம் போகும்போது இரண்டு பேருமே எங்களை அறியாமல் ஒதுங்கித்தான் நடந்தோம்.

அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பார், நான் மறுமுனையைப் பிடிப்பேன். பெஞ்சுக்குப் பெஞ்சு இடைவெளி விட்டு, ஒரு பெஞ்சில் இரண்டு பேர் என்று போட்டுப் பார்த்தால் வகுப்பில் பாதிப் பேருக்குத்தான் இடம். மீதிப் பாதி மறுநாள் வரட்டும் என்றார். பதிவெண் ஒற்றைப்படையில் முடிகிறவர்கள் ஒருநாள், இரட்டைப்படையில் முடிகிறவர்கள் மறுநாள். கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது.

ஆய்வகத்துக்கு வந்ததும் சிக்கல் தொடங்கியது. மேஜைக்கு மேஜை கிருமிநாசினி வைக்கச் சொல்லி அரசு உத்தரவு. அதில் இருப்பது ஆல்கஹால். அதைக் கையில் பூசிக்கொண்டு ஒரு பிள்ளை பர்னரைப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்றேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டார். அடுத்து பிப்பெட். கரைசலை அளந்தெடுக்கும் கண்ணாடிக் குழாய் அது. எங்கள் கல்லூரியில் பிள்ளைகள் அதை வாயில் வைத்து உறிஞ்சித்தான் எடுப்பார்கள். ஒருவர் வைத்ததையே அடுத்தவரும் வைப்பார். அதைச் சொன்னதும் அவர் பேனாவை மூடிவிட்டார்.

“வாயாலயா உறிஞ்சுதாங்க?”

“ஆமா சார். நானும் படிக்கும்போது அப்படித்தான்.”

“அமிலத்தையா?”

“அமிலத்தையுந்தான்.”

பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “நான் இத்தன வருஷமா மேல் மாடியில கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். கீழ இங்கன இதுவா நடக்குது!” என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரிப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சுருங்கியதை வைத்துச் சிரிப்பு என்று தெரிந்துகொண்டேன். வாய் படாமல் உறிஞ்ச ரப்பர் குமிழ்கள் வாங்க ஏற்பாடு செய்தோம்.

இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் முதலில் கல்லூரி என்று உத்தரவு வந்தது. திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். மறுநாளே என் வகுப்புப் பெண் ஒருத்தி கூப்பிட்டாள். விக்கிரமசிங்கபுரத்துப் பெண். அப்பா மில்லில் வேலை பார்க்கிறவர்.

“மிஸ், நான் வரமுடியாது போல இருக்கு.”

“ஏன்ம்மா, உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல மிஸ். நான் ஒத்தப்படை, அவ ரெட்டப்படை.”

அவள் என்றால் அதே தெருவில் இருக்கும் அவளுடைய தோழி. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகக் கல்லூரிக்கு வருவார்கள், ஒன்றாகத்தான் திரும்புவார்கள். இப்போது ஆளுக்கொரு நாள். பஸ்கள் குறைவாக ஓடிய காலம் அது. சாயங்காலம் இருட்டித்தான் வீடு சேர முடியும்.

“எங்க அம்மை தனியா விடமாட்டேங்கா மிஸ். அவ வீட்டுலயும் அதையேதான் சொல்லுதாங்க. போதும், வீட்டுல இருந்தே படின்னு எங்க ஐயாவும் சொல்லிட்டாங்க.”

“நான் பேசிப் பாக்கட்டுமா?”

“பேசினா உங்களுக்காகச் சரிம்பாங்க மிஸ். நாளைக்கு விடமாட்டாங்க.”

குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. தகவல் சொல்வதுபோல் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கணக்கு சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். வேறு யாராவது என்றால் ‘ஒருத்திக்காகத் திட்டத்தை மாத்த முடியுமா’ என்றிருப்பார்கள். அவர் சொன்னார்: “ஒருத்தி இல்ல மேடம். கூப்பிட்டது ஒருத்தி. கூப்பிடாம இருக்கிறவங்க எத்தன பேரோ.”

அடுத்த இரண்டு மூன்று நாட்கள் பட்டியலைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, எந்த ஊர், எந்த பஸ், யாரோடு வருவாய் என்று கேட்டோம். காது சூடேறிப்போனது. பாதி எண்கள் அப்பாக்களுடையவை. அவர்கள் வயலிலோ வேலையிலோ இருப்பார்கள். ஸ்ரீவைகுண்டத்துப் பையன் ஒருவன் வாழைத்தார் ஏற்றும் லாரியிலிருந்து பேசினான். “பஸ்ஸே வேணாம் மிஸ், இதுலயே வந்திருவேன்” என்றான். சாத்தான்குளத்துப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரே நாளில் வைத்தால் வேன் பேசி வருவோம் என்றார்கள்.

பதிவெண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு பஸ் வழியாகப் பிரித்தோம். பாபநாசம், அம்பாசமுத்திரம் வழி வருகிறவர்கள் ஒருநாள். கிழக்கேயும் தெற்கேயும் இருந்து வருகிறவர்கள் மறுநாள். உள்ளூர்ப் பிள்ளைகளை இரண்டிலும் நிரவினோம். முதல்வர் பார்த்துவிட்டு, “பல்கலைக்கழகத்துல கேட்டா என்ன சொல்ல?” என்றார். கணக்கு சார், “பிள்ளைங்க வந்தாங்கன்னு சொல்லுங்க சார்” என்றார்.

அந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியை நெற்றிக்கு நேரே நீட்டியபோது ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். மற்றவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அன்று பெரிய சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். இருந்ததாக நினைவில்லை. ஒரே பாடத்தை இரண்டு நாள் இரண்டு பாதிகளுக்கு நடத்த வேண்டும். வராதவர்களுக்காகச் செல்போனையும் எதிரே நிறுத்தி வைக்க வேண்டும். போர்டைப் பார்த்துப் பேசினால் போனில் இருப்பவர்களுக்குக் கேட்காது. போனைப் பார்த்துப் பேசினால் எதிரே இருப்பவர்கள் தனியாகிவிடுவார்கள். முதல் நாள் தானாக வந்த நகைச்சுவையை மறுநாள் நானே வரவழைத்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். முகக்கவசத்துக்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசப் பிடிக்காது. கணவர் டம்ளரில் காபியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவார்.

இப்படி ஓடி, செய்முறைத் தேர்வுக்குப் பிள்ளைகள் ஓரளவு தயாராகும் சமயத்தில் மறுபடி மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அன்று மதியம் வந்தது, சாயங்காலமே மூடிவிட்டோம். விடைபெறக்கூட நேரமில்லை. கணக்கு சார் வராண்டாவில் நின்று, பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “போட்டும். இந்த வாரமும் வந்துட்டுப் போனாங்கல்லா” என்றார்.

இரண்டாம் அலையில் அவருக்கு வந்தது. முதல்வர் சொல்லித்தான் தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்றார். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவரின் படத்தை மாலையோடு வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை. போனை எடுக்கவே கை வராது. அவருடைய மனைவியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூப்பிடுவேன். அந்த அம்மாவும் நானும் பேச ஒன்றுமில்லாமல், “சாப்பிட்டீங்களா”, “சாப்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு வைப்போம்.

ஒருநாள் அவரிடமிருந்தே செய்தி வந்தது. ‘பேச முடியல. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.’ நான் சொல்லவில்லை. ஆனாலும் விக்கிரமசிங்கபுரத்துப் பெண் கூப்பிட்டாள். அவளுக்கு அவர் துணைப்பாடமாகக் கணக்கு நடத்தியவர்.

“மிஸ், கணக்கு சாருக்கு எப்படி இருக்கு? எங்க ஐயா கேக்கச் சொன்னாங்க.”

“உங்க அப்பாவுக்கு அவரைத் தெரியுமா?”

“போன்ல பேசியிருக்காங்கல்லா. என்ன பஸ்ல வாரா, கூட யாரு வாரான்னு கேட்டாங்களே, அந்த சார்தானேன்னு கேக்காங்க.”

தேறிவருகிறார் என்றேன். அது அப்போது உண்மையா என்று எனக்கே தெரியாது.

தேறித்தான் வந்தார். ஆனால் உடம்பு பாதியாகிவிட்டது. அதற்குள் அந்த இரண்டு பெண்களும் வீட்டிலிருந்தே கடைசித் தேர்வை எழுதி முடித்துவிட்டார்கள். பிரிவு விழா, குழுப் படம், ஒன்றும் கிடையாது. ஒருத்தி பி.எட். சேர்ந்தாள். எனக்குப் போன் செய்தவளைத் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பார்த்தேன். புடவைகளை மடித்துக்கொண்டிருந்தவள் “மிஸ்” என்றாள். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மேலே படிக்கவில்லையா என்று கேட்க வந்து கேட்காமல் விட்டேன். அவளே, “அடுத்த வருஷம் பாக்கலாம் மிஸ்” என்றாள்.

மறுபடி கல்லூரி திறந்தபோது குழு எதுவும் போடவில்லை. எல்லோரும் வரலாம் என்று மேலிருந்து உத்தரவு வந்தது, எல்லோரும் வந்தார்கள். இரண்டாமாண்டு என்று ஒரு வகுப்பு வந்து உட்கார்ந்தது. அதில் ஒரு முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஒருத்தி, “மிஸ், போன்ல உங்க குரல் வேற மாதிரி இருக்கும்” என்றாள். அவர்களில் யாரும் ஒரு பர்னரைப் பற்றவைத்ததில்லை. முதலாமாண்டுச் செய்முறையை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கணக்கு சாரின் வகுப்பு இரண்டாம் மாடியில். முதல் நாள் ஏறும்போது பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிள்ளைகள் அவரைத் தாண்டிப் போகாமல், பின்னால் வரிசையாகப் படிகளில் நின்றார்கள். நான் முதல்வரிடம் போய்க் கீழே ஓர் அறை கேட்டேன். அறை இல்லை என்றார். விளையாட்டுச் சாமான் போட்டிருக்கும் அறை இருக்கிறதே என்றேன். அதைக் காலிசெய்ய யார் ஆள் தருவது என்றார். கோபப்படவும் சக்தி இல்லை. “நான் பாத்துக்கிடுதேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்து, என் இரண்டாமாண்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒரே மதியத்தில் வலைகளையும் கம்பங்களையும் வெளியே தள்ளிவிட்டோம். ஜன்னல் சின்னதுதான். இருந்தாலும் படி கிடையாது.

அங்கே உட்கார்ந்துகொண்டுதான் நடத்துகிறார். அரை மணி நேரத்துக்கு மேல் குரல் வராது. மீதி நேரம் கணக்கைக் கொடுத்துவிட்டு அவர்கள் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் வாரம் முடிந்த அன்று இரண்டு பேரும் வாசலுக்கு நடந்தோம். அவரோடு நடந்தால் நின்று நின்றுதான் போக வேண்டும். அது எனக்கும் தோதாக இருந்தது. வேப்பமரத்தடியில் நின்றார்.

“எப்படி சார் போவுது?” என்றேன்.

மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: “பின் பெஞ்சுல ரெண்டு பேரு தூங்குதானுவ மேடம்.”

“எழுப்ப வேண்டியதுதானே?”

“எதுக்கு? போன்ல தூங்கினா எனக்குத் தெரியாது. இங்கன கண்ணு முன்னால தூங்குதான். வந்து தூங்குதானே, தூங்கட்டும்.”

அவருடைய மகன் ஸ்கூட்டரில் வந்தான். அவர் பையைக் கொடுத்து, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, மூச்சு வாங்கி, மெதுவாக உட்கார்ந்தார். “வாரேன் மேடம். திங்கக்கிழமை” என்றார்.

நான் டவுன் பஸ்ஸுக்காக நின்றேன். நிறுத்தம் முழுக்கப் பிள்ளைகள்; ஒரே கூச்சல். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு மாங்காய் தின்றுகொண்டிருந்தார்கள். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பஸ் வந்ததும் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் விட்டாள். மறுக்காமல் உட்கார்ந்தேன்.