வேறொரு பெயரில் பதிவான என் வியாதி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுமுறையில் வந்து, கடலூர் முதுநகரில் அம்மா வீட்டில் தங்கியிருந்தோம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகியிருந்தது. இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுத்து அங்கே கூட்டிப்போவது என்று நானும் கணவரும் முடிவு செய்து, மனு போடும் வேலையை ஆரம்பித்திருந்த நேரம் அது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தத்தெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வேலை, வீடு, போலீஸ் சான்று என்று எல்லாவற்றோடும் இருவருடைய உடல்நல வரலாற்றையும் கேட்கிறார்கள். அன்று காலையில் அவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, டி.பி. வந்திருக்கிறதா? நான் துணி மடித்தபடியே இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மனநலத்துக்கு எப்பவாவது ட்ரீட்மென்ட் எடுத்திருக்கீங்களா?" என்று படித்தவர், என்னிடம் கேட்கக்கூட இல்லை. 'இல்லை' என்ற கட்டத்தை அழுத்தப் போனார்.

"இல்லன்னு போடுங்க மாப்ள" என்றாள் அம்மா. அதுவரை ஒரு கேள்விக்கும் வாய் திறக்காதவள்.

அவர் கை அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். "மாமா, கொஞ்சம் இருங்க" என்றேன். மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

கல்யாணமான மூன்றாம் வருடம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, ஆறே நாளில் போய்விட்டது. லீவு முடிந்து அவர் சிங்கப்பூர் திரும்பினார். நான் அம்மா வீட்டில் இருந்தேன். உடம்பு தேறியது. ஆனால் தூக்கமில்லை, குளிக்கத் தோன்றவில்லை, யார் பேசினாலும் பதில் சொல்லப் பிடிக்கவில்லை. பயந்துபோன அம்மா, கடலூரில் காட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு மனநல மருத்துவரிடம் எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். கணவருக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு ரத்தம் குறைவு, சத்து மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதுதான்.

சொல்லி முடித்ததும் அவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். கோபித்துக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "தெனமும் போன் பண்ணேனே. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"இப்பவும் இல்லன்னே போட்டுடலாம் மாமா. ஆமான்னு போட்டா புள்ள தரமாட்டாங்க" என்றேன்.

"நாளைக்கு ஒனக்கு மறுபடியும் முடியாம போனா? அப்பவும் சத்து மாத்திரைன்னு சொல்லிகினு ஒக்காருவியா?"

அவரே 'ஆம்' என்று போட்டார். உடனே கீழே இன்னொரு கட்டம் திறந்தது. சிகிச்சை கொடுத்த மருத்துவரிடமிருந்து கடிதம் வேண்டுமாம்.

மறுநாள் மூவரும் சிதம்பரம் பஸ் ஏறினோம். வழி நெடுக அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள். பி.முட்லூர் தாண்டிய பிறகுதான் மெதுவாக என் காதருகே வந்து, "அங்க ஒன் பேரு இருக்காதுடி" என்றாள். எட்டு மாதமும் மருத்துவமனையில் அவள்தான் பேர் கொடுத்துச் சீட்டு வாங்கினாள். ஒரு தடவை வேறு பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அம்மா என் கையைப் பிடித்து எழுப்பியது மங்கலாக ஞாபகம் வந்தது. அன்றிருந்த நிலைமையில் அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

மருத்துவமனைக் கவுன்ட்டரில் அம்மா அந்தப் பேரைச் சொன்னதும் பழைய ஃபைல் கிடைத்துவிட்டது. ஆனால் அங்கிருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இது வேற ஆளு ஃபைலும்மா. குடுக்க முடியாது" என்று மூடிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?

நல்லவேளை, அதே டாக்டரம்மா இருந்தார். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். "மொகம் ஞாபகம் இருக்குங்க. ஆனா மொகத்த வச்சு நான் எழுதித் தர முடியாதே" என்றவர், ஃபைலை வரவழைத்து, முதல் பக்கத்தில் இருந்த செல் நம்பரைத் தன் போனில் அடித்தார். அம்மாவின் துணிப்பைக்குள் மணி அடித்தது.

அம்மா அழுதுவிட்டாள். "நாந்தாம்மா மாத்திச் சொன்னேன். எதுத்தாப்ல இருந்த கடை போர்டுல அந்தப் பேருதான் எழுதியிருந்துச்சு. வாயில வந்துடுச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. "இங்க வர்றவுங்க நெறைய பேரு அப்படித்தாம்மா சொல்றாங்க. நீங்க கூட்டியாந்தீங்களே, அதுவே பெருசு" என்று தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நடந்ததை அம்மாவிடம் எழுதி வாங்கி, என்னிடமும் பழைய விஷயங்கள் சிலவற்றைக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க. இப்ப எப்படி இருக்காங்கன்னு நான் இவுங்ககிட்டதான் கேக்கணும்" என்று என் கணவரையும் அம்மாவையும் அனுப்பிவிட்டார்.

அரை மணி நேரத்துக்கு மேல் பேசினோம். நடுவில் டாக்டர் ஃபைலைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் நின்றார். மிக மோசமாக இருந்த ஒரு நாளில், "இனிமே எந்தக் குழந்தையையும் நான் தொட மாட்டேன்" என்று அவரிடம் சொல்லி அழுதிருக்கிறேன். பெற்ற தாயிடமும் சொல்லாத வார்த்தை அது. அந்த ஒரு வரி தத்து கொடுப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தால் போதும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"அதையும் எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

"அது நீங்க துக்கத்துல எங்கிட்ட சொன்னது. அவுங்க கேக்கறது என்ன வியாதி, என்ன மருந்து, எப்ப நிறுத்துனீங்க, இப்ப புள்ள வளக்க முடியுமா, இவ்வளவுதான். இதுல ஒண்ணையும் மறைக்க மாட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் குடுக்கவும் மாட்டேன்."

கடிதத்தை அடித்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொன்னார். எனக்குச் சம்மதமில்லை என்றால் இதை யாருக்கும் தரமாட்டேன் என்றார். என் வியாதியைப் பற்றி அதுவரை எனக்காக மற்றவர்கள்தான் முடிவு செய்திருந்தார்கள். என்னிடம் சம்மதம் கேட்ட முதல் ஆள் அவர்தான். படிக்க ஆரம்பித்தேன், எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

ஒரே ஒரு திருத்தம் சொன்னேன். சிகிச்சைக்கு என்ன காரணம் என்பதை அவர் எனக்காக எழுதாமல் விட்டிருந்தார். "பெண் குழந்தையை இழந்த பிறகு என்று சேர்த்துடுங்க" என்றேன். ஆறு நாள் இருந்தவள். எங்கள் குடும்பத்துக் காகிதம் எதிலாவது அவளும் இருக்கட்டும் என்று தோன்றியது. டாக்டர் சேர்த்தார்.

வெளியே வந்தபோது கணவர் பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை நீட்டினேன். "நீயா குடுத்ததாலதான் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படித்தார். கடைசியாகச் சேர்த்த வரி வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிங்கப்பூரில் எங்களை விசாரிக்க வீட்டுக்கு வந்த சமூகப் பணியாளர் அந்தக் கடிதத்தைப் படித்தார். மறுபடி அப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். முதலில் இவரிடம் சொல்வேன், பிறகு டாக்டரிடம் போவேன் என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நான் ராத்திரி பகலாகப் பயந்த கேள்வி, அரை நிமிடத்தில் கடந்துபோனது.

இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். இப்போது எங்கள் மகனுக்கு நான்கு வயது. அவனோடு ஒரு ஃபைலும் வந்தது. அவன் உடல்நலம், அவனைப் பெற்றவளைப் பற்றிய சில குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது சித்தி நைசாகக் கேட்டாள். பெத்தவ எப்படிப்பட்டவ, என்ன வியாதின்னு பேப்பர்ல போட்டிருப்பாங்களே என்று.

நான் பதில் தேடுவதற்குள் அம்மா சொன்னாள்: "போட்டிருப்பாங்க. அது புள்ளையோடது. அவன் பெருசாகிப் படிச்சிக்குவான். ஒனக்கு எதுக்கு?"

அம்மா அன்று என்னை மறைத்ததும் பாசத்தால்தான், இன்று பேரனைக் காப்பதும் பாசத்தால்தான். ஆனால் வெட்கப்பட்டு ஒளிப்பது வேறு, உரியவருக்காகப் பத்திரமாக வைத்திருப்பது வேறு என்பதை அவளும் நானும் சிதம்பரத்தில் அந்த ஒரு நாளில்தான் கற்றுக்கொண்டோம் என்று, மகனின் ஃபைலைப் பீரோவில் வைத்துப் பூட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.