ஆடியில் ஒரு கல்யாணம், ஆவணியில் ஒரு கல்யாணம்

எனக்கு இரண்டு முறை கல்யாணம் ஆகியிருக்கிறது, இரண்டு முறையும் அதே பெண்ணோடு. இதைச் சித்தூரில் சொன்னால் சிரிப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதி ஒரு தூதரகத்துக்கு அனுப்பினால் சிரிக்க மாட்டார்கள் என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் கல்யாணம் சிங்கப்பூரில், பதிவு அலுவலகத்தில் நடந்தது. நான் அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தேன். அவள் நர்ஸ், நகரியில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். சித்தூரில் எங்கள் வீட்டிலிருந்து அவள் வீடு ஒரு பஸ் பயணம்தான். ஆனாலும் நாங்கள் சந்தித்துக்கொள்ள ஒரு கடலைத் தாண்ட வேண்டியிருந்தது. அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. கணவன் என்று என் பெயரைக் கொடுக்க வேண்டுமானால் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். பதிவு அலுவலகத்தில் காலியாக இருந்த ஒரு நாளில், இரவல் டை கட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் காலண்டரில் ஆகஸ்ட் என்று போட்டிருந்தது. அதற்குள் ஆடி மாதம் ஒளிந்திருந்ததை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

நைனா, அதாவது என் அப்பா, கவனித்தார். போனில் தேதியைச் சொன்னதும் அது எந்த மாதம் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

"அது கல்யாணமே இல்ல," என்றார். "ஆவணி பொறக்கட்டும். மலைமேல தாலி கட்டிக்கலாம். அதுவரைக்கும் அந்தப் பேப்பர எவனுக்கும் காட்டாத."

அப்படியே ஆவணியில் திருமலையில் தாலி கட்டினேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கல்யாணம் அதுதான். தை மாதக் கடைசியில் அவள் இங்கிலாந்து போனாள். போய் இறங்கிய பிறகுதான் உண்டாகியிருப்பது தெரிந்தது. நான் பின்னாலேயே போகிறவன்தானே என்று சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு, சித்தூருக்கு வந்து, மனைவியின் சம்பளத்தில் வாழப் போகிற கணவனாக விசாவுக்கு மனுப் போட்டேன். வெளிநாட்டு அதிகாரிக்கு வெளிநாட்டு சர்டிபிகேட்டைக் காட்டினால் மதிப்பு என்று சிங்கப்பூர்க் காகிதத்தை வைத்தேன். அழகாக இருக்கட்டும் என்று மலைமேல் எடுத்த கல்யாணப் படங்களையும் சேர்த்தேன். நாலெழுத்துப் படித்தவன் செய்கிற முட்டாள்தனத்தில் ஒரு நேர்த்தி இருக்கும். ஒரே உறைக்குள் இரண்டு கல்யாணத்தைப் போட்டு ஒட்டி அனுப்பியவன் நான்.

தூதரகத்திலிருந்து போன் வந்தபோது நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது நைனா உற்சாகமாக இருந்தார்.

"விசா ஆபீசுலர்ந்து ஒரு பொண்ணு பேசிச்சிடா. நம்ம தமிழ்தான். ரொம்ப மரியாதயான பொண்ணு."

என் கையில் இருந்த கத்தரிக்காய்ப் பை கனத்தது. "இன்னா கேட்டாங்க?"

"கல்யாணம் எப்போன்னு கேட்டிச்சி. ஆவணியில, மலைமேலன்னு சொன்னேன். அப்ப சிங்கப்பூர்ல நடந்தது இன்னா சார்னு கேட்டிச்சி."

"நீ இன்னா சொன்ன?"

"அதெல்லாம் கல்யாணமில்லம்மா, விசாவுக்காக எடுத்த வெறும் பேப்பரு, எங்க ஊட்ல ஆடியில கல்யாணம் பண்ணுவமான்னு கேட்டேன். எழுதிக்கினாங்க."

விசாவுக்காக எடுத்த வெறும் பேப்பர். உலகத்திலுள்ள தூதரகங்கள் எல்லாம் எந்த ஒரு வாக்கியத்தைத் தேடி ஆள் வைத்துத் துருவுகின்றனவோ, அதை என் தகப்பனார் மரியாதையோடு, தானாகவே எடுத்துக் கொடுத்திருந்தார்.

கடிதம் வந்தது. உங்கள் சிங்கப்பூர்த் திருமணம் உண்மையானது என்று நாங்கள் ஏன் நம்ப வேண்டும்? போனில் பேசியவரின் சத்தியப் பிரமாணத்தோடு விளக்கவும். கொடுத்திருந்த கெடு குறுகியது. விசாவை மறுத்துவிட்டால் மறுபடி மனுப் போட்டு, அவர்கள் மறுபடி யோசித்து முடிப்பதற்குள் குழந்தைக்குப் பல் முளைத்துவிடும்.

அன்று அவளிடம் போனில் சொன்னேன். அவள் நர்ஸ், பதற்றத்தை அடுத்தவருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது தொழில்.

"பிரசவம்லாம் நான் பாத்துக்குவேன், ஆஸ்பத்திரியிலதான இருக்கேன்," என்றாள். "ஆனா உங்க புள்ளைக்கு உங்கள போட்டோவுலதான் காட்டணும்னா, அந்த டை கட்ன போட்டோவத்தான் காட்டுவேன். சொல்லிட்டேன்." சிரித்தாள். பிறகு, "கால் ரெண்டும் வீங்கிக்கினே போவுது. பிரஷர் கொஞ்சம் ஏறுது. மாமாகிட்ட சொல்லாதீங்க," என்றாள்.

நான் சொன்னேன். நைனாவை அசைக்க வேறு வழி தெரியவில்லை. கடிதத்தை அவர்முன் வைத்து, ஆடியில் நடந்ததுதான் என் மகன் கல்யாணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

"அது மட்டும் முடியாது."

"நைனா, அவளுக்கு பிரஷர் ஏறுது. நான் பக்கத்துல இருக்கணும்."

"அதனாலதான்டா முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. படித்ததையெல்லாம் கொட்டினேன். மாதங்களை மனிதன்தான் உண்டாக்கினான், ஆடியில் விதை விதைத்தால் முளைக்காமல் போகிறதா என்று ஒரு பிரசங்கமே செய்தேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் நைனா சொன்னார்:

"ஒங்கம்மாளுக்கு நான் தாலி கட்னது ஆடியில."

அம்மா என் தம்பியைப் பெறும்போது போனாள்; தம்பியும் தங்கவில்லை. அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

"கரும்பு வெட்டுக்குக் கூட்டமா கெளம்பிக்கினு இருந்தோம். புருசன் பொஞ்சாதியா போனா ஜோடிக்கூலின்னு அவசரமா கட்டி வெச்சாங்க. அவ போனப்புறம் ஊரே சொல்லிச்சி, ஆடியில கட்னா இப்படித்தான்னு. இப்ப நான் அத என் கையால எழுதணுமா? எழுதிப்புட்டு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

சாமர்த்தியமாகப் பேசத் தெரிந்தவனுக்கு வாயடைத்துப் போனால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவர் வெள்ளைச் சட்டை போட்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். "திருப்பதிக்கி எத்தினி மணி பஸ்சு?" என்றார். வெளிநாட்டுக் காகிதம் தயார் செய்வதற்கு எங்களுக்குத் தெரிந்த நோட்டரி வக்கீல் திருப்பதியில்தான் இருந்தார். கையெழுத்துப் போடுவதாக நைனா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் செருப்பைக் கழற்றிவிடுவார் என்று பயம்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஆடி இன்னும் முடியவில்லை; ஆனாலும் பாதி பஸ்ஸை ஒரு தெலுங்குக் கல்யாணக் கோஷ்டி பிடித்திருந்தது. தட்டு, தேங்காய், மேளக்காரர்கள், முகமெல்லாம் மஞ்சளாக ஒரு மணப்பெண். நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணையே பார்த்தபடி வந்தார். சந்திரகிரி தாண்டும்போது அவள் தகப்பனாரிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். மேளக்காரன் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

வக்கீல் எல்லாவற்றையும் டைப் அடித்து வைத்திருந்தார். வாசித்துக் காட்டினார். சிங்கப்பூர்த் தேதி வந்த இடத்தில் நைனா கையை உயர்த்தினார்.

"வக்கீல் சார், இந்தத் தேதி உங்க பஞ்சாங்கத்துல இன்னா மாசம்?"

வக்கீல் சுவரில் பழைய காலண்டர்களைக் கழற்றாமல் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருந்தார். போன வருஷத்துத் தெலுங்குக் காலண்டரைப் புரட்டி, தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார். "சிராவணம், பெத்தாயனா. எங்களுக்கு ஆகாத மாசம் ஆஷாடம், அது உங்க ஆடி முடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும் கதா. சிராவணம்னா நல்ல முகூர்த்தம். இப்பகூட பாருங்க, திருப்பதியில ஒரு மண்டபம் காலியில்ல."

"மலைமேல எந்தப் பஞ்சாங்கம்?"

"மலைமேல தெலுங்குப் பஞ்சாங்கம்தான் படிக்கறது."

நைனா பேனாவை வாங்கினார். வாங்கியவர் போடவில்லை.

"ஆடிப்பெருக்கு கழிச்சி நாலாம் நாளுன்னா?" என்றார்.

என் தேதி அதுவல்ல. சர்டிபிகேட்டில் இருந்தது ஆடிக் கடைசி. வக்கீல் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"எந்த வருஷம்?"

நைனா சொன்னது நான் பிறப்பதற்கு முந்தைய ஒரு வருஷம். அத்தனை பழைய காலண்டர் அந்தச் சுவரில் இல்லை. வக்கீல் கெட்டிக்காரர், மேற்கொண்டு கேட்கவில்லை. "பெரும்பாலும் சிராவணம்தான் வரும்," என்றார்.

"பெரும்பாலுமா?"

"பெரும்பாலும்."

"சர்லே, அப்ப சரி," என்று நைனா கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த தெலுங்கில், ஒவ்வொரு எழுத்தாக. வாழ்நாளெல்லாம் தெலுங்குக்காரர்களை 'ஆடியில கல்யாணம் பண்ற கூட்டம்' என்று கேலி செய்தவர், அன்றைக்கு அவர்கள் மாதத்துக்குக் குடிபெயர்ந்தார். அதற்கு விசா எதுவும் தேவைப்படவில்லை.

எனக்குத் தேவைப்பட்டது; அதைக் கெடு முடிந்து பல நாள் ஊறப் போட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள், பிரஷர் இறங்கவில்லை என்று. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை.

சித்தூருக்குப் போன் போட்டேன். குழந்தை பிறந்துவிட்டது நைனா என்றேன்.

"அந்தப் பொண்ணு எப்படிக்கீது?"

"நல்லா இருக்கா. உனக்குப் பேத்தி பொறந்திருக்கா."

"அது இருக்கட்டும்டா. அந்தப் பொண்ணுகிட்ட போனக் குடு. பேசட்டும், நான் கேக்கணும்."